பின்னறைக்கு வந்த உள்வாடகைக்காரர்

வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு, சிரித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அழுகிறவர்கள் அதிகம் பொய் சொல்வதில்லை; அதற்கு மூச்சு போதாது. சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் பேசும்போதுதான் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அன்று காலை வந்தவர் நன்றாகவே சிரித்தார். மடிப்புக் கலையாத சட்டை. கையில் கார் சாவி. அதை மேசைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வீட்டை காலி பண்ண வைக்கணும், மேடம். அதுக்கு ஒரு ஆதாரம் வேணும். அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்."

கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வெகுநாளாகியும் 'வக்கீலம்மா' என்ற பெயர் மட்டும் அவரிடமிருந்து கழலவில்லை. அவருடைய உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கப் பொத்தான் இல்லை என்பதால் வந்த பெயர் அது.

"யாரோட வீடு?" என்றார் வக்கீலம்மா.

"எங்கப்பாவோடது. பல் செட் செய்யற ஒரு அம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எனக்கு வீடு இப்பவே வேணும்."

"குடி போறீங்களா?"

"இல்ல, இடிக்கப் போறேன்." தலைமுடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்பது போலச் சொன்னார். "அடுக்கு மாடி கட்டறவங்க தயாரா நிக்கறாங்க. அந்தம்மாதான் அசைய மாட்டேங்குது. ஆனா ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருக்கு மேடம். வீட்டுக்காரரோட எழுத்து மூலமான சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விடக் கூடாது. விட்டா ஒரே மாசத்துல காலி. அந்தம்மா பின்னறையை யாருக்கோ விட்டிருக்கு."

"நீங்க பார்த்தீங்களா?"

"கேட்டா யாரும் இல்லைங்குது. நான் போய் பின்னறைக் கதவைத் தட்டினா உள்ளேருந்து தாழ்ப்பாள் போடற சத்தம் கேக்குது. இல்லாத ஆள் எப்படித் தாழ்ப்பாள் போடுவான்?"

"நல்ல பழக்கம்தான் சார்," என்றான் ரேடியோ. "இருக்கிறவங்களே இப்பல்லாம் கதவை ஒழுங்கா சாத்தறதில்ல."

வாடிக்கையாளர் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, இனிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது.

"உங்கப்பா எங்க இருக்கார்?" என்றார் வக்கீலம்மா.

"வெளியூர்ல, தங்கச்சி வீட்டுல. ராஜா மாதிரி இருக்கார். இந்த வீட்டு விஷயமெல்லாம் பார்த்துக்கச் சொல்லி எனக்கு பவர் எழுதிக் குடுத்துட்டார். கையெழுத்து எல்லாம் நான்தான்."

"கடைசியா அவர்கிட்ட எப்ப பேசினீங்க?"

பதில் அங்கே எழுதியிருப்பது போல அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் அங்க சந்தோஷமா இருக்கார், மேடம். நடுவுல நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

வக்கீலம்மா வேலையை ஒப்புக்கொண்டார். பின்னறைக்காரர் யார் என்று கண்டுபிடித்து அவரை நேருக்கு நேர் காட்டுவது, அவ்வளவுதான் பேச்சு. தெரு எதிர்ப்புறம் காரிலேயே காத்திருப்பதாகவும், ஆள் வெளியே வந்ததும் போன் செய்தால் தானே வந்து படம் எடுத்துக்கொள்வதாகவும் வாடிக்கையாளர் சொன்னார். அவருக்கு எதிலும் பொறுமை இல்லை. அந்த ஒன்றில் மட்டும் நிறைய இருந்தது.

வீடு தெருமுனையில் இருந்தது. தனி வீடு. பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. வக்கீலம்மா நேரே வீட்டுக்குப் போகாமல் கடைக்குள் நுழைந்தார்.

"பக்கத்து வீட்டுப் பின்னறையில ஒருத்தர் இருக்காராமே, இங்க வருவாரா?"

கடைக்காரர் சிரித்தார். "வருவாராவா? அவர் வரலேன்னா எனக்கு அன்னிக்குக் கடை திறந்த மாதிரியே இருக்காது. பேர் தெரியாதும்மா, நாங்க வாஷர்னு சொல்வோம். தலையில குல்லா, கழுத்துல மஃப்ளர், மூஞ்சியில பாதிதான் தெரியும். முதல் தடவை குழாய்க்கு வாஷர் வாங்க வந்தார். அப்புறம் கதவுக் கீலுக்கு எண்ணெய். சுவத்து விரிசலுக்குப் பட்டி. போன வாரம் மழைத்தண்ணிக் குழாய்ல இலை அடைக்காம இருக்க ஒரு வலை."

"பேரம் பேசுவாரா?"

"அதான் அதிசயம். வாடகைக்கு இருக்கிறவங்க எது மலிவுன்னு கேப்பாங்க. இந்த மனுஷன் எதை எடுத்தாலும் பத்து வருஷம் தாங்குமான்னு கேக்கறார்."

வக்கீலம்மா மேசைமேல் இருந்த ஆணி டப்பாக்களைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு அங்குல ஆணி ஒண்ணு குடுங்க" என்றார்.

"ஒண்ணா? ஒரு ஆணிக்கு நான் பில்லா போடறது? எடுத்துக்குங்க."

வெளியே வந்ததும் ரேடியோ வாயைத் திறந்தான். "எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஆளு தலைமறைவுக் குற்றவாளி. முகத்தை மூடறான், கதவைச் சாத்தறான். ஏதோ வங்கியில சுரங்கம் தோண்டறான். அதுக்குத்தான் பட்டி."

"சுரங்கம் தோண்டறவன் விரிசலைப் பூசுவானா?"

"சுத்தமான ஆளா இருக்கலாம்."

"மழைத்தண்ணிக் குழாய்ல வலை எதுக்கு?"

ரேடியோ யோசித்தான். அவன் யோசித்தால் உதடும் சேர்ந்து அசையும். "குற்றவாளிக்கும் காது கேக்குமில்ல, மேடம். சொட்டுச் சத்தம் தூங்க விடாது."

எதிர்ப்புறம் வாடிக்கையாளரின் கார், கண்ணாடிகள் ஏற்றப்பட்டு, எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது.

வீட்டின் முன்னறைதான் அந்தப் பெண்ணின் தொழிற்கூடம். மேசையில் வெள்ளைச் சாந்து அச்சுகள். அலமாரி நெடுகப் பல் செட்டுகள், மேல்தட்டில் மேல்வரிசை, கீழ்த்தட்டில் கீழ்வரிசை. யாரோ ஒரு பெரிய நகைச்சுவையைச் சொல்லிவிட்டு இப்போதுதான் வெளியே போயிருக்கிறார் போலிருந்தது. பல்செட்டம்மா உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார். நாற்பது வயதிருக்கும். விரல்களில் சாந்துத்தூள்.

திட்டப்படி ரேடியோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினான். "கடைவாய்ப் பல் ஆடுது. புதுசா ஒண்ணு கட்டணும்."

அவர் விளக்கை இழுத்து அவன் வாய்க்குள் பார்த்தார். "பல்லுல ஒரு குறையும் இல்ல. வாயிலதான். யார் அனுப்பினது?"

வக்கீலம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அதனால் உண்மையைச் சொன்னார். யார் அனுப்பினார், எதற்கு, ஆதாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னார். பல்செட்டம்மா கேட்டு முடிக்கும்வரை கையிலிருந்த பல்வரிசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒளிச்சு என்ன ஆகப் போகுது?" என்றார் கடைசியில். "ஆமா, விட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் போய் நாலு மாசம் ஆச்சு. அவர் வர்றவரைக்கும்..."

"அவர் வெளியே கார்லதானே இருக்கார்?" என்றான் ரேடியோ.

"அவர் வீட்டுக்கு வீட்டுக்காரர். நான் சொல்றது எனக்கு வீட்டுக்காரர். கப்பல்ல வேலை. பின்னறையில அவர் சாமான்தான் இருந்துச்சு. தனியா வாடகை சமாளிக்க முடியல. சம்மதம் கேட்டு வெளியே இருக்கிறவருக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். எடுத்தார். காலி பண்றீங்களான்னு ஆசையா கேட்டார். இல்லைன்னதும் வெச்சுட்டார். சரின்னு பக்கத்துக் கடையில ஒரு அட்டை ஒட்டினேன். மறுநாளே இவர் வந்து நின்னார்."

"பேர் என்ன?"

"கேட்டா, 'சும்மா அங்கிள்னு கூப்பிடும்மா'ங்கறார். தங்கமான மனுஷன். ஆனா ஒரு கூத்து பாருங்க." மேசை இழுப்பறையைத் திறந்து சில தாள்களை எடுத்தார். "உள்வாடகை ஒப்பந்தம் நானே ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன். திருத்தித் தர்றேன்னு வாங்கிட்டுப் போனார். மூணு பக்கமா திரும்பி வந்துச்சு. கையெழுத்து மட்டும் போட மாட்டேங்கறார்."

வக்கீலம்மா படித்தார். பல்செட்டம்மா பேனாவில் எழுதியிருந்ததற்குக் கீழே பென்சிலில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. தண்ணீர்த் தொட்டியை உள்வாடகைதாரரே கழுவ வேண்டும். மழைக்காலத்துக்கு முன் மொட்டைமாடி வடிகாலைச் சுத்தம் செய்ய வேண்டும். கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. எக்காரணம் கொண்டும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அந்த 'எக்காரணம்' என்பதன் கீழ் இரண்டு கோடு.

"கோர்ட்ல இருந்தப்போ இப்படி நூத்துக்கணக்குல பார்த்திருக்கேன்," என்றார் வக்கீலம்மா. "குடி வர்றவங்க ஷரத்தை அடிப்பாங்க. தனக்கு எதிராத் தானே ஷரத்து எழுதற ஒருத்தரை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ரேடியோ, அவங்ககிட்ட ஒரு சுத்தியல் வாங்கு."

பல்செட்டம்மா சாந்து உடைக்கிற சிறிய சுத்தியலைக் கொடுத்தார். "எதுக்கு?"

"உங்க அங்கிளைக் கூப்பிடறதுக்கு."

மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வக்கீலம்மா கதவைத் தட்டவில்லை. அதற்கு எதிரே, வெள்ளை மாறாமல் இருந்த சுவரின் நட்டநடுவைக் காட்டினார். ரேடியோ ஆணியை வைத்து ஓர் அடி அடித்தான். சுத்தமான, கணீரென்ற சத்தம். உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. இரண்டாவது அடி. தாழ்ப்பாள் இழுபடும் ஓசை. மூன்றாவது அடிக்கு ரேடியோ கையை ஓங்கியபோது கதவு படீரென்று திறந்தது.

"யாரு அது? சுவத்துல ஆணி அடிக்கிறது யாரு?"

குல்லா இல்லை, மஃப்ளர் இல்லை. பனியனும் வேட்டியுமாக ஒரு பெரியவர் நின்றார். எழுபதைத் தாண்டிய வயது. கோபத்தில் மீசை நடுங்கியது. "கொத்தனாரை நம்பாம பக்கத்துலயே நின்னு பூச வெச்ச சுவருய்யா இது. இத்தனை வருஷத்துல ஒரு பொத்தல் கிடையாது. நீ யாருய்யா சுத்தியலைத் தூக்கிக்கிட்டு?"

"வணக்கம் சார்," என்றார் வக்கீலம்மா. "வாடகைக்கு இருக்கிறவங்க யாரும் ஆணிச் சத்தத்துக்கு இப்படி ஓடி வர மாட்டாங்க. வீட்டுக்காரர் நீங்கதானே?"

பெரியவர் சுவரைப் பார்த்தார். பொய் சொல்வதற்குக் காலம் கடந்துவிட்டது என்பதை அந்தச் சின்னப் பொத்தலே அவருக்குச் சொன்னது.

பல்செட்டம்மா சுவரோடு சாய்ந்துகொண்டார். "ஒப்பந்தத்துல எப்பவும் உங்க பையன் கையெழுத்துதான். உங்களை நான் பார்த்ததே இல்லையே. எதுக்கு அங்கிள் இந்த வேஷம்?"

பெரியவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"பையன் வீட்டுல எனக்கு ஒரு அறை இருந்துச்சும்மா. பேத்தி படிக்கணும்னாங்க, குடுத்தேன். ஹால்ல சோபாவுல படுத்தேன். சோபாவை மாத்தினாங்க. புது சோபாவுல படுக்கக் கூடாதாம், துணி போயிடுமாம். பொண்ணுகிட்டப் போறேன்னு சொல்லிட்டுப் பெட்டியை எடுத்தேன். பையன் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டான், அதுல குறை சொல்ல முடியாது. பொண்ணுக்குப் போன் பண்ணினா, ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள அங்க இடம் ரொம்பச் சின்னதுன்னு ஆரம்பிச்சா. நான் எங்க வரேன், அண்ணன்கிட்டதான் இருக்கேன்னு சொல்லி வெச்சுட்டேன்."

"நேரா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"வீட்டுக்காரன்னு சொல்லிக்கிட்டு வந்தா நீ பயந்து காலி பண்ணுவ. கடையில உன் அட்டையைப் பார்த்தேன். வாடகை குடுத்து இருந்தா ஒருத்தரும் நகரச் சொல்ல மாட்டாங்க இல்ல?"

வக்கீலம்மா கையிலிருந்த ஒப்பந்தத் தாள்களைக் கூடத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "ரேடியோ, காருக்குப் போன் போடு. ஆள் கிடைச்சாச்சு, வரச் சொல்லு" என்றார்.

பெரியவர் பாதி எழுந்தார். பல்செட்டம்மாவின் முகம் இறுகியது. "இவ்வளவு கேட்டுமா? அப்போ நீங்க அவர் ஆள்தான்."

"ஆமா. வேலையை ஒப்புக்கிட்டேன். நேருக்கு நேர் காட்டறேன்னு சொன்னேன், காட்டணும்."

ரேடியோ அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனுக்கே பேச்சு வரவில்லை. இருந்தாலும் போனை எடுத்தான்.

வாடிக்கையாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, வாசலிலிருந்தே படம் பிடித்துக்கொண்டு, குரலும் கொடுத்துக்கொண்டு வந்தார். "இது எங்கள் வீடு. எங்கள் சம்மதம் இல்லாமல் இங்கே சட்டவிரோதமாகக் குடியிருக்கும் நபர் இவர்தான்..."

போன் திரையில் தகப்பனாரின் முகம் வந்தது. குரல் நின்றது. கை மட்டும் கொஞ்ச நேரம் படம் பிடித்தபடி இருந்தது.

"இன்னும் ஓடிக்கிட்டிருக்கு சார்," என்றான் ரேடியோ மெதுவாக. "பேசினா பதிவாகும்."

"அப்பா? நீங்க தங்கச்சிகிட்ட..."

"அப்படியா? அவகிட்டயே கேளேன்," என்றார் பெரியவர். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு."

மறுப்பதற்கு வழியில்லாமல் மகன் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் தங்கை உடனே எடுத்தாள்.

"என்னண்ணா? அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அப்பா... அப்பா உன்கிட்ட இல்லையா?"

"என்கிட்டயா? உன்கிட்டதானே இருக்கார்? அங்க வசதியா இருக்கேன்னு மூணு மாசம் முன்னாடி சொன்னாரே. நான் தொந்தரவு பண்ண வேணாம்னு..." அவள் குரல் பாதியில் தேய்ந்தது. "அண்ணா, அப்பா எங்கே?"

மகன் போனை அணைத்தார். "உங்க போன் கிடைக்காதோன்னு நினைச்சேன்பா."

பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். முழு சார்ஜ். "தினமும் ஏத்தறேன்."

மகன் வேறு பேச்சைத் தேடினார். அவருக்குத் தெரிந்த வேறு பேச்சு ஒன்றுதான். வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "சரி மேடம், குடும்ப விஷயத்தை நாங்க பேசிக்கறோம். உள்வாடகை நிரூபணம் ஆயிடுச்சு இல்ல? நோட்டீஸ் அனுப்பலாம் இல்ல?"

"அனுப்பலாம்," என்றார் வக்கீலம்மா. "ஆனா வீட்டுக்காரரோட எழுத்து மூலமான சம்மதம் இல்லைன்னாதான் குற்றம். வீட்டுக்காரர் நீங்க இல்ல, நீங்க பவர்தான். அவர் இதோ இருக்கார், கையும் நல்லா இருக்கு."

அவர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் ஒரே வரி எழுதினார். இந்த உள்வாடகைக்கு வீட்டின் உரிமையாளரான நான் ஆரம்ப நாளிலிருந்தே சம்மதிக்கிறேன். பேனாவைப் பெரியவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடி போடாமலே கையெழுத்திட்டார்.

"இதை உங்க கண்ணு முன்னாடி வாங்கத்தான் கூப்பிட்டேன்," என்றார் வக்கீலம்மா மகனிடம். "நாளைக்கு இது போலிக் கையெழுத்துன்னு நீங்க சொல்லிடக் கூடாது பாருங்க. நல்லவேளை, அவர் இங்கதான் இருக்கார்னு நீங்களே படம் பிடிச்சிருக்கீங்க."

"பவரையும் இந்த வாரமே ரத்து பண்ணணும்மா," என்றார் பெரியவர். "அதுக்கும் ஒரு தாள் எழுதிக் குடுங்க."

மகனின் காதுமடல் சிவந்தது. "நான் வேலைக்கு வெச்ச ஆள் நீங்க. என் பக்கம் நிக்க வேணாமா?"

"நீங்க கேட்ட ஆளைக் காட்டிட்டாங்களே சார்," என்றான் ரேடியோ. "அடையாளம் தெரியலையா?"

பல்செட்டம்மா அதுவரை வாசல் ஓரமாக நின்றிருந்தார். இப்போது வந்து மேசைமுன் உட்கார்ந்தார். தாள்களைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை வாங்கிக்கொண்டார்.

"சம்மதம் இருக்கட்டும். உள்வாடகைக்கு விடறது நான்தானே? நான் விடறதா வேணாமான்னு யாரும் கேக்கலையே."

பெரியவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் அவருடைய இடம் இந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"மூணு மாசமா பேர் சொல்லாம இருந்திருக்கீங்க. அது தப்பு," என்றார் பல்செட்டம்மா. "இனிமே ஒளிக்கிறது, தாழ்ப்பாள் போடறது கிடையாது. என் வேலை நேரத்துல முன்னறைக்குள்ள வந்து இது இப்படி, அது அப்படின்னு சொல்லக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்மா."

பல்செட்டம்மா ஒப்பந்தத்தில் காலியாக இருந்த இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். பெயர். வயது. தகப்பன் பெயர். அடுத்த இடத்தில் பேனா நின்றது.

"உள்வாடகைதாரரின் நிரந்தர முகவரி. என்ன போடட்டும்?"

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் வீட்டு அட்ரஸைப் போடுங்க. அப்பா, அதானே உங்க வீடு."

"தெருப் பேர் தெரியும், கதவு நம்பரும் தெரியும்," என்றார் பெரியவர். "எந்த அறைன்னு கேட்டா என்னப்பா சொல்லட்டும்?"

மகன் சாவியைக் கையில் உருட்டினார். வாசலைப் பார்த்தார். காரைப் பார்க்கப் போகிறவர் போல வெளியே நடந்தார். எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

பல்செட்டம்மா யாரையும் கேட்கவில்லை. 'மேற்படி முகவரி, பின்னறை' என்று எழுதித் தாளைத் திருப்பி வைத்தார்.

"வாடகை ஒண்ணாந்தேதி வந்துடணும். பழகின முகம்னு பார்க்க மாட்டேன்."

அந்த வீட்டைக் கட்டியவர், குடிவருகிற எல்லோரையும் போல எழுந்து நின்று, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டார்.